மைசூர் மகாராஜாவுக்குக் காணிக்கையான நீர்க்கன்னி
ரஷிய மேதையின் பியானோ இசைக்கும் பெங்களூருக்கும் உள்ள தொடர்பு

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில் ஜே.சி. ரோட்டை அறியாதவர்கள் இருக்க முடியாது. டவுன்ஹால் பக்கம் தொடங்கும் அந்தச் சாலை, மோட்டார் உதிரிபாகக் கடைகளுக்குப் பெயர் போனது. ரவீந்திர கலாக்ஷேத்திராவும் அங்கேதான் இருக்கிறது.

ஜே.சி. என்ற அந்த இரண்டு எழுத்துகளின் விரிவு பலருக்குத் தெரியாது. "ஜெயசாமராஜேந்திரர்" என்பதே அது. மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயரைத்தான் அந்தச் சாலை சுமந்து நிற்கிறது.

இதே பெயர், உலகின் பெரிய இசைக்கூடங்களில் புழங்கும் ஓர் இசை ஏட்டின் முகப்பிலும் அச்சாகி இருக்கிறது. அது பியானோவுக்கும் பெரிய வாத்தியக் குழுவுக்குமாக எழுதப்பட்ட இசை. எழுதியவர் நிக்கோலாய் மெட்னர் என்ற ரஷியர். தமது இசையைப் போற்றி வளர்த்ததற்காக ஆழ்ந்த நன்றியுடன் மைசூர் மகாராஜாவுக்கு அதைக் காணிக்கை ஆக்குவதாக அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்த இசைக்குக் கருவாக அமைந்தவள் ஒரு நீர்க்கன்னி!

ரஷிய நாட்டு ஆற்றில் நீந்திய கன்னிக்கும், லண்டனில் வறுமையில் வாடிய இசை மேதைக்கும், நம் பெங்களூர் அரண்மனையில் வாழ்ந்த மன்னருக்கும் எப்படி முடிச்சு விழுந்தது?

யார் இந்தக் கன்னி?

இடுப்புக்கு மேலே பெண், கீழே மீன். கடற்கன்னி என்றதும் நம் கண்ணுக்கு முன் வருவது இந்த உருவம்தான். டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஆண்டர்சன் 1837-ல் எழுதிய கதையும், அந்தக் கதைக்காகக் கோபன்கேகன் துறைமுகத்தில் 1913-ல் வைக்கப்பட்ட சிலையும் அந்த உருவத்தை உலகம் எங்கும் பரப்பிவிட்டன.

ரஷியக் கிராமத்து மக்கள் சொல்லும் நீர்க்கன்னி வேறு மாதிரி. அவளுக்கு "ருசல்கா" என்று பெயர். பெரும்பாலும் மீன் வால் கிடையாது. வயதுப் பெண் போலவே இருப்பாள். ஆற்றிலோ, குளத்திலோ விழுந்து அகால மரணம் அடைந்த பெண்கள்தான் ருசல்கா ஆகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. நிலா வெளிச்சத்தில் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு பாடுவாள். பாட்டில் மயங்கிப் போகிறவன் திரும்பி வரமாட்டான்.

இதைக் கேட்டால் வட ஆர்க்காடு, தருமபுரிப் பக்கத்து மக்களுக்கு ஊர் ஏரிக்கரை ஞாபகம் வரலாம். கரையில் ஏழு கல் நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, கன்னிமார் என்று கும்பிடுகிறோம். உச்சிப் பொழுதிலும் நடுநிசியிலும் அந்தப் பக்கம் பிள்ளைகளைப் போகவிட மாட்டார்கள். நீரைத் தாயாகவும் பார்க்க வேண்டும். அதற்குப் பயப்படவும் வேண்டும். இந்த எண்ணம் எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

நம் மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிமேகலா தெய்வம், கடலில் தத்தளிப்பவர்களைக் காக்கும் தெய்வம். இலங்கையில் மட்டக்களப்பு வாவியில், பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தருகே நீருக்கு அடியிலிருந்து இன்னோசை கேட்பதாகக் காலம் காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்த வட்டாரத்துக்கு "மீன்பாடும் தேன்நாடு" என்றே பெயர் வந்துவிட்டது. அங்கேயும் கடற்கன்னி உருவத்தைப் பல இடங்களில் காணலாம்.

மாலுமிகள் கண்ட கடற்கன்னி, உண்மையில் கடற்பசு என்ற பிராணியாக இருக்கலாம் என்பாரும் உண்டு. குட்டிக்கு மார்பில் பால் கொடுக்கும் இந்தப் பிராணி நம் பாக் விரிகுடாவில் இருக்கிறது. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது.

ருசல்காவைப் பற்றி லெர்மந்தோவ் என்ற ரஷியக் கவிஞர் 1832-ல் ஒரு சிறு கவிதை எழுதினார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயதுதான் இருக்கும். இருபத்தாறு வயதில் துப்பாக்கிச் சண்டையில் உயிரிழந்த கவிஞர் அவர்.

அந்தக் கவிதையின் கதை இது: முழுநிலா வெளிச்சத்தில் நீலநிற ஆற்றில் ருசல்கா நீந்துகிறாள். ஆற்றின் அடியில் இருக்கும் பளிங்கு நகரங்களைப் பற்றிப் பாடுகிறாள். அங்கே மணல் தலையணையில் வேற்று நாட்டுப் போர்வீரன் ஒருவன் படுத்திருக்கிறான். கன்னியர் அவன் தலையை வாருகிறார்கள், முத்தமிடுகிறார்கள். அவன் அசையவில்லை. மூச்சுக்கூட இல்லை. அவன் ஏன் இப்படிக் குளிர்ந்து கிடக்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை.

அவன் இறந்துவிட்டான் என்பது நமக்குத் தெரிகிறது. அவளுக்குத் தெரியவில்லை. கவிதையின் சோகம் அதுதான்.

மரமும் கம்பியும் நீராவது எப்படி?

பியானோ என்றால் நமக்குச் சினிமாதான் நினைவுக்கு வரும். பணக்கார வீட்டு மாடிப்படி, பக்கத்தில் பளபளக்கும் கறுப்புப் பெட்டி, அதன் முன்னால் அமர்ந்து கதாநாயகி பாடும் பிறந்தநாள் பாட்டு!

அந்தப் பெட்டிக்குள்ளே இருப்பது தச்சு வேலையும் இயந்திர வேலையும் கலந்த அற்புதம். இத்தாலியில் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் உருவான கருவி அது. இன்றைய பியானோவில் 88 கட்டைகள். உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட எஃகுக் கம்பிகள். ஒரு கட்டையை அழுத்தினால், கம்பளம் சுற்றிய சிறு சுத்தி ஒன்று எழுந்து கம்பியைத் தட்டிவிட்டு விழுகிறது. விரலை எடுத்ததும் ஒரு துணுக்குக் கம்பளி கம்பியைத் தொட்டு ஓசையை நிறுத்திவிடும்.

காலடியில் மிதிகட்டை இருக்கிறது. வலது மிதிகட்டையை அழுத்தினால் எல்லாக் கம்பிகளும் ஒரே சமயத்தில் விடுதலை பெறுகின்றன. ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்த சுரம் அதன் மேல் வந்து படிகிறது. குளத்தில் கல் எறிந்தால் ஒரு வளையத்தின் மேல் இன்னொரு வளையம் விரிவது போல!

தண்ணீரைக் காட்டுவதற்குப் பியானோவைப் போன்ற கருவி இல்லை என்று இசை அமைப்பாளர்கள் கண்டுகொண்டது இதனால்தான்.

ஆஸ்திரிய நாட்டு ஹைடன், 1794-ல் கடற்கன்னி பாடுவதாக ஒரு பாட்டை அமைத்தார். அதில் பியானோதான் அலை.

பிரெஞ்சு நாட்டு ராவெல் 1908-ல் "ஒந்தீன்" என்ற நீர்க்கன்னியைப் பியானோவில் வரைந்தார். வலக்கை விரல்கள் மிக மெதுவான ஓசையில், மிக வேகமாக, ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அது சன்னல் கண்ணாடியில் தெறிக்கும் நீர். அதற்கு அடியில் கன்னியின் குரல் எழும். மனிதன் அவளை மறுத்ததும் கொஞ்சம் அழுது, பிறகு கலகலவென்று சிரித்து, நீர்த்துளிகளாக மறைந்து போவாள். தேர்ந்த கலைஞர்களும் தொடத் தயங்கும் கடினமான இசை அது. அதே ஒந்தீனைப் பற்றி டெபுசி என்பவரும் 1913-ல் வெளியிட்ட தொகுப்பில் ஒரு பியானோ இசை அமைத்திருக்கிறார்.

அவர்களுடைய கன்னி நீரோடு மறைந்து போகிறாள். மெட்னர் அந்த இடத்தில் நிற்கவில்லை. அவர் ஆற்றின் அடியில் கிடந்த வீரனைப் பார்த்தார்.

ஊர் விட்டு ஊர் போனவர்

நிக்கோலாய் மெட்னர் 1880-ம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். மாஸ்கோ இசைக் கல்லூரியில் படித்து 1900-ல் உயர்ந்த பரிசுடன் வெளியே வந்தார். மேடை மேடையாக ஏறிப் புகழும் பணமும் சேர்த்திருக்கலாம். அவருக்கு அதில் நாட்டம் இல்லை. உட்கார்ந்து இசை எழுதவே விரும்பினார்.

பியானோவுக்காக அவர் எழுதிய முப்பதுக்கு மேற்பட்ட சிறு இசைகளுக்குக் "கதைகள்" என்றே பெயரிட்டார். பாட்டி சொல்லும் நாடோடிக் கதைகளைக் குறிக்கும் ரஷியச் சொல் அது.

ரஷியப் புரட்சிக்குப் பிறகு, 1921-ல் மனைவி அன்னாவுடன் நாட்டை விட்டு வெளியேறினார். ஜெர்மனிக்குப் போனார். பிறகு பிரான்சுக்குப் போனார். இரு நாடுகளிலும் அவர் இசை எடுபடவில்லை. அந்தக் காலத்தில் புதுமை என்ற பெயரில் இசை வேறு திக்கில் ஓடிக்கொண்டிருந்தது. மெட்னர் பழைய இலக்கணத்தை விடமாட்டேன் என்றார். புதுமை மோகத்தைக் கண்டித்து 1935-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார்.

உலகப் புகழ் பெற்ற ராக்மானினோவ் அவருடைய உற்ற நண்பர். தமது நாலாவது பியானோ கான்செர்ட்டோவை மெட்னருக்குக் காணிக்கை ஆக்கினார். மெட்னரோ தமது இரண்டாவதை ராக்மானினோவுக்குக் காணிக்கை ஆக்கினார். ஒருவருக்கு அமெரிக்காவில் கூட்டம் அலைமோதியது. மற்றவர் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்து வயிற்றைக் கழுவினார்.

1930-களின் நடுவில் லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் பகுதியில் குடியேறினார். கொஞ்சம் தலைநிமிர்ந்த நேரத்தில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அவருடைய இசை ஏடுகளை அச்சிட்டவர் ஜெர்மானியர். அங்கிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. லண்டனில் குண்டு விழத் தொடங்கியதும், மாணவி ஒருத்தியின் குடும்பம் வாரிக்ஷயர் பகுதியில் இருந்த தங்கள் வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் இடம் கொடுத்தது. அங்கே இருதய நோயும் தாக்கியது.

அறுபது வயதைக் கடந்தவர். அந்நிய நாடு. அடுத்தவர் வீடு. உடம்பில் நோய். இந்த நிலையில்தான் ருசல்காவை எழுதினார். 1943-ல் முடித்தார். அந்த ஆண்டு மார்ச்சில்தான் நண்பர் ராக்மானினோவ் அமெரிக்காவில் காலமானார்.

1944 பிப்ரவரியில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அது அரங்கேறியது. பியானோ வாசித்தவர் மெட்னரே.

அரங்கேற்றம் முடிந்தாலும் இசை நிலைக்க வேண்டுமே? மெட்னரின் இசையை அவரைப் போல் வாசிக்க அவரால்தான் முடியும். அவருக்குப் பின் அது மௌனமாகிவிடும் என்ற அச்சம் அவரை அறிந்தவர்களுக்கு இருந்தது. இசைத்தட்டில் பதிவு செய்ய எந்தக் கம்பெனி பணம் போடும்?

பியானோ கலைஞராக விரும்பிய இளவரசர்

ஜெயசாமராஜேந்திர உடையார் 1919 ஜூலை 18-ல் மைசூரில் பிறந்தார். அவருடைய பெரியப்பா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மகாராஜாவாக இருந்த காலம் அது. மைசூர் அரண்மனையில் கர்நாடக இசைக்கும் இடம் உண்டு. மேல்நாட்டு பாண்டு வாத்தியத்துக்கும் இடம் உண்டு. ஆஸ்தான வித்துவான் வீணை சேஷண்ணாவுக்குப் பியானோவும் வாசிக்கத் தெரியும். நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் அந்த ஆஸ்தானத்தில் இருந்தவரே. சாமுண்டீசுவரி மீது 108 கீர்த்தனைகள் பாடி அரங்கேற்றியவர்.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த இளவரசர், சிறுவயதில் கான்வென்ட் கன்னியாஸ்திரீ ஒருவரிடம் பியானோ கற்றார். லண்டன் இசைக் கல்லூரித் தேர்வுகளில் தேறினார். மேடையில் வாசிக்கும் பியானோ கலைஞராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. இருபது வயதில் தந்தையாருடன் ஐரோப்பா போய் வந்தார்.

1940 மார்ச்சில் தந்தை யுவராஜா காலமானார். அதே ஆண்டு ஆகஸ்டு 3-ல் பெரியப்பா மகாராஜாவும் காலமானார். ஐந்து மாதத்தில் இரண்டு சாவு. இருபத்தொரு வயது வாலிபர் சிம்மாசனத்தில் உட்கார்த்தப்பட்டார். பியானோ ஆசை அத்தோடு முடிந்தது.

தாம் வாசிக்க முடியாத இசையைப் பிறர் வாசிக்கக் கேட்பது என்று மன்னர் தம் மனத்தைத் தேற்றிக்கொண்டார் போலும். உலகத்தில் வெளியாகும் நல்ல இசைத்தட்டுகள் எல்லாம் அவரிடம் வந்து சேர்ந்தன. பதிவுத் துறையில் பெயர் பெற்ற வால்டர் லெக் என்ற ஆங்கிலேயர் மைசூருக்கு விருந்தினராக வந்தவர். அரண்மனையில் இருந்த இசைத்தட்டு நூலகத்தையும், வரிசையாக நின்ற பெரிய பியானோக்களையும் கண்டு வியந்து எழுதி இருக்கிறார்.

மெட்னரின் இசை மன்னருக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைப் பதிவு செய்யும் செலவை ஏற்றுக்கொண்டார்.

வீரன் விழித்தான்

1947-ல் லண்டனில் பதிவு நடந்தது. "நாய் மார்க்" எச்.எம்.வி. கம்பெனி பதிவு செய்தது. மெட்னரின் மூன்று கான்செர்ட்டோக்களையும் பதிவு செய்தார்கள். வாத்தியங்களை வாசித்தது பில்ஹார்மோனியா என்ற குழு. ருசல்கா இசையில் குழுவை நடத்திய டோப்ரோவன் என்பவரும் நாட்டை விட்டு வெளியே வந்த ரஷியரே.

அப்போது இருந்தவை அரக்குத் தட்டுகள். நிமிடத்துக்கு 78 சுற்று. பெரிய தட்டானாலும் ஒரு பக்கத்துக்கு நாலு, நாலரை நிமிடம்தான் இசை பிடிக்கும். அரை மணிக்கு மேல் ஓடும் இசையைத் துண்டு துண்டாக வாசித்து, நாலைந்து தட்டுகளில் அடைக்க வேண்டும். வாசிக்கிறவருக்கோ அறுபத்தேழு வயது, இருதய நோயாளி. ஆனாலும் வாசித்து முடித்தார்.

கான்செர்ட்டோ என்றால் என்ன? தனி ஒருவர் பியானோவும், ஐம்பது அறுபது பேர் கொண்ட வாத்தியக் குழுவும் பேசிக்கொள்வது. நம் கச்சேரியில் பாட்டுக்காரர் ஒரு வரியைப் பாட, பிடில்காரர் அதை வாங்கி வாசித்துத் திருப்பிக் கொடுப்பதில்லையா? அதுபோல. சில சமயம் இருவரும் இணைவார்கள். சில சமயம் எதிர்த்து நிற்பார்கள்.

ருசல்கா இசையில் மூன்று பகுதிகள். இடையில் நிறுத்தமே கிடையாது. முதல் பகுதிதான் ஆறு, நிலா, கன்னியின் பாட்டு. நடுப்பகுதி மிகச் சிறியது. இருட்டில் எதையோ தேடுவது போன்ற மர்மமான ஓசை. மூன்றாம் பகுதிக்குத் தலைப்பில் இத்தாலிய மொழியில் ஒரு குறிப்பு இருக்கிறது. விழித்தெழுவது போல, வீரத்துடன் வாசிக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

கவிஞர் லெர்மந்தோவின் வீரன் கடைசிவரை கண் திறக்கவில்லை. மெட்னரின் வீரன் விழித்துக்கொள்கிறான். அந்த வீரனை மனித ஆன்மாவுக்கு அடையாளமாக அவர் கொண்டார். மயக்கத்தில் கிடந்த ஆன்மா எழுந்து நிற்கிறது. தூங்கியவனின் இசை, கடைசியில் பெருங்கீதமாக ஒலிக்கிறது.

கன்னி மனிதனை மூழ்கடிக்கும் கதையை எத்தனையோ பேர் எழுதி இருக்கிறார்கள். மூழ்கியவன் எழுந்து வந்த கதையை எழுதியவர், தாமே மூழ்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர்!

யார் வீட்டுப் பணம்?

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு கேள்வி எழும். எழுவது நியாயம்.

1947-ம் ஆண்டு மைசூர் சமஸ்தானத்தில் சாதாரண ஆண்டு அல்ல. நாடு ஆகஸ்டில் விடுதலை பெற்றது. ஆனால் மைசூரில் மக்களாட்சி உடனே வரவில்லை. பொறுப்பாட்சி கேட்டுச் செப்டம்பரில் "மைசூர் சலோ" போராட்டம் வெடித்தது. பெங்களூரிலும் மைசூரிலும் மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். அக்டோபரில் மன்னர் இணங்கினார். கே.செங்கலராய ரெட்டி முதல் மந்திரி ஆனார்.

அதே ஆண்டில்தான் லண்டனில் மன்னர் செலவில் ருசல்கா பதிவாகி இருக்கிறது.

மைசூர் அரசின் வருமானத்தில் கோலார் தங்கவயலில் இருந்து வந்த ராயல்டியும் உண்டு. அந்தத் தங்கத்தைப் பூமிக்குக் கீழே பல ஆயிரம் அடி ஆழத்தில் வெட்டி எடுத்தவர்கள் யார்? வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பத்தோடு வந்த தமிழர்கள் அவர்களில் ஏராளம். பாறைத் தூசியைச் சுவாசித்து நெஞ்சு நோயில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். 2001-ல் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன.

மேல்நாட்டு இசைக்கு வாரி வழங்கியதை இங்கே பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. மன்னர் அவற்றுக்கும் கொடுத்தார் என்று பதில் சொல்பவர்களும் உண்டு. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது.

ஒன்று மட்டும் நிச்சயம். எத்தனையோ சமஸ்தானங்களின் பணம் பந்தயக் குதிரையிலும் சூதாட்ட மேசையிலும் கரைந்து, அடையாளமே இல்லாமல் போய்விட்டது. இந்தப் பணம் ஓர் இசையாக நிற்கிறது. அதில் தங்கவயல் தமிழனின் வியர்வையும் ஒரு துளி இருக்கிறது என்று சொன்னால் தவறாகாது. ஆகவே, "இது பெரிய மனிதர்கள் சமாசாரம், நமக்கு என்ன?" என்று நாம் ஒதுங்கவேண்டிய அவசியம் இல்லை.

மன்னரின் உதவி அத்தோடு நிற்கவில்லை. பில்ஹார்மோனியா குழு காலூன்றவும் பண உதவி செய்தார். அதன் கச்சேரிச் சங்கத்துக்கு 1948-ல் முதல் தலைவர் ஆனார். ஜெர்மன் மேதை ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் கடைசியாக எழுதிய நாலு பாடல்கள், அவர் இறந்த பிறகு 1950 மே 22-ல் லண்டனில் அரங்கேறின. அந்தக் கச்சேரிக்கும் மைசூர் மகாராஜாவின் பண உத்தரவாதம் இருந்தது. 2019-ல் மன்னரின் நூற்றாண்டு வந்தபோது அந்தக் குழு லண்டனில் அவர் நினைவாகக் கச்சேரி நடத்தியது.

பியானோவிலிருந்து கீர்த்தனைக்கு

மேல்நாட்டு இசையில் இவ்வளவு ஊறிய மன்னர், அதே காலத்தில் கர்நாடக இசைக்கும் திரும்பினார். மைசூர் வாசுதேவாச்சாரியாரிடம் பாடம் கேட்டார். வாசுதேவாச்சாரியார், தியாகராஜ சுவாமிகளின் சீட பரம்பரையில் வந்தவர்.

மன்னர் சமஸ்கிருதத்தில் 94 கீர்த்தனைகள் இயற்றினார். "ஸ்ரீவித்யா" என்பது அவருடைய முத்திரை. கம்பீர நாட்டை ராகத்தில் "ஸ்ரீ ஜாலந்தரம்", அடாணாவில் "ஸ்ரீ மகாகணபதிம்" ஆகியவற்றைச் சென்னை சபாக்களில் இன்றும் கேட்கலாம். பாடுகிறவர்களில் பலருக்கு, இதை எழுதியவர்தான் ரஷியப் பியானோ இசையைக் காப்பாற்றியவர் என்பது தெரிந்திருக்காது.

தமிழகத்துக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மைசூர் மாநில கவர்னராக இருந்த பிறகு, 1964 முதல் 1966 வரை சென்னை மாநில கவர்னராக இருந்தார். கிண்டி ராஜ்பவனில் அவர் இருந்தபோதுதான் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்தது.

1974 செப்டம்பர் 23-ல் அவர் காலமானார். உயிர் பிரிந்த இடம், வசந்தநகர் பக்கத்தில் கோட்டை போல் நிற்கும் பெங்களூர் அரண்மனை. பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் பேலஸ் கிரவுண்டு போகிறவர்கள் அதன் கோபுரங்களைப் பார்த்திருப்பார்கள்.

திரும்பிப் போன ஏடுகள்

மெட்னர் 1951 நவம்பரில் லண்டனில் காலமானார். முப்பது ஆண்டு வெளிநாட்டு வாழ்வில், கச்சேரி செய்ய ஒருமுறை ரஷியாவுக்குப் போய் வந்தார். குடியிருக்கத் திரும்பவில்லை.

அவர் எழுதிய ஏடுகளை மனைவி அன்னா பத்திரமாக வைத்திருந்தார். 1958-ல் அவற்றை எடுத்துக்கொண்டு மாஸ்கோவுக்கே திரும்பினார். அங்கே 1959 தொடங்கி மெட்னரின் இசை முழுவதும் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சாயின. வெளியே போன மகனை ஊர் அழைத்துக்கொண்டது. ஆனால் எட்டு வருஷம் தாமதமாக!

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதன் வலி புரியும். கூடவே இதையும் கவனிக்கவேண்டும்: மெட்னரின் இசையைச் சொந்த ஊரும் கேட்கவில்லை, அண்டை நாடுகளும் கேட்கவில்லை. கேட்ட காது ஒன்று கடலுக்கு அப்பால், அவர் காணாத ஊரில் இருந்தது.

கேட்க விரும்புவோருக்கு

1947-ல் அரக்குத் தட்டில் பிடித்த அந்தப் பதிவு, பிற்காலத்தில் குறுந்தகடாக வந்தது. இன்று கைப்பேசியிலேயே தேடிக் கேட்கலாம். மெட்னர், பியானோ கான்செர்ட்டோ, மூன்றாம் எண் என்று தேடினால் போதும். பிற்காலக் கலைஞர்கள் வாசித்ததும் கிடைக்கும். ஆனால் முதியவர் தம் கையால் வாசித்ததை முதலில் கேளுங்கள். பழைய தட்டின் கரகரப்பு கொஞ்சம் இருக்கும். ரேடியோ சிலோன் கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது ஒரு பொருட்டல்ல.

ராகம், தாளம் என்று தேட வேண்டாம். முதலில் ஆற்றைக் கேளுங்கள். பிறகு கன்னியின் குரலைக் கேளுங்கள். நடுவில் ஓசை இருண்டு அடங்கும் இடம் வரும். அதற்குப் பிறகு பியானோ தட்டி எழுப்பும், அவன் விழிக்கிறான்.

எல்லாம் சேர்ந்து முப்பத்தைந்து நிமிடம் இருக்கும். மாலை நேரத்தில் சிவாஜிநகரிலிருந்து ஒயிட்பீல்டு போகிற பஸ்ஸில் உட்கார்ந்தால், இரண்டு முறை கேட்டு முடித்துவிடலாம்!